மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே ஹாலில்

போன வாரம் மாப்பிள்ளையை ஒரு சங்கடமான இடத்தில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஒரு கையில் அவனுடைய ஹால் டிக்கெட். இன்னொரு கையில் மாமனாருடைய ஹால் டிக்கெட். இரண்டிலும் ஒரே பாடம், ஒரே கட்டடம், ஒரே ஹால். நம்பர்கூட அடுத்தடுத்த நம்பர்.

இதில் என்ன சங்கடம்?

மாமா ஆயுசு முழுக்க டவுன் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்று, அத்தையும் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். பஸ்ஸின் பின்பக்கம் காலியாகக் கிடக்கும்போது ஜனங்கள் ஏன் முன் படியிலேயே தொங்குகிறார்கள் என்ற கேள்வி அவரை விட்டபாடில்லை. அதற்குப் பதில் தேடித்தான் அஞ்சல் வழியில் உளவியல் டிப்ளமா சேர்ந்தார். ஒரு வருஷப் படிப்பு. "என் மாப்பிள்ளை போன வருஷமே படிச்சு முடிச்ச படிப்பு" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

மாப்பிள்ளை முடிக்கவில்லை. அதுதான் விஷயம்.

போன வருஷம் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா கேட்டார், "என்ன மாப்பிள்ளை, முடிஞ்சுதா?" அவன் சொன்னான், "முடிஞ்சிடுச்சு மாமா." பரீட்சை முடிந்ததைத்தான் அவன் சொன்னான். படிப்பே முடிந்ததாக அவர் எடுத்துக்கொண்டார். ரிசல்ட் வந்தபோது ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் சேர்ந்த பாடத்தில் கோட்டை விட்டிருந்தான். சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்ததில் வருஷமே ஓடிவிட்டது.

அவன் வேலை பார்ப்பது விபத்தில் அடிபட்டவர்களை மறுபடி நடக்க வைக்கும் மையத்தில். உதவியாளர். கையைப் பிடித்து நடக்க வைக்கும்போது நோயாளிகள் அவனிடம் மனம் விட்டுப் பேசுவதை மையத்து டாக்டரம்மா கவனித்திருந்தார். "அந்த டிப்ளமாவை மட்டும் முடிச்சுட்டு வாங்க, ஆலோசகர் அறையில உங்களை உட்கார வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, இந்த ஒரு பாடம்தான் நடுவில் குறுக்கே நின்றது.

"சொல்லிடுங்க" என்றாள் மனைவி, காலையில்.

"இப்பவா? பரீட்சைக்குக் கிளம்பற மனுஷன்கிட்டயா?"

"ஹால்ல உங்க மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா மட்டும் நல்லாவா இருக்கும்?"

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். உள்ளே இருப்பதை வெளியே காட்டித்தான் அவளுக்குப் பழக்கம். மூடி மறைப்பது அவளுக்கு ஒத்தே வராது. ஆனாலும் அப்பாவுக்கும் கணவனுக்கும் நடுவில் ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள்.

மாப்பிள்ளை தைரியத்தை ஒன்று திரட்டிக்கொண்டு முன் அறைக்கு வந்தான். மாமாவின் செருப்பைக் காணோம்.

"அப்பா அப்பவே போயாச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "முதல் ட்ரிப் எடுத்த உடம்பு. கேட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அங்க நிப்பாரு. நீங்க ஹால்ல பயமா இருந்தா ஒண்ணு செய்யுங்க. மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க."

"அதை நீ நோயாளிங்ககிட்டச் சொல்லு."

"அதைத்தான் செய்யறேன்" என்றாள்.

*

ஹாலுக்குள் நுழைந்தபோது பாதி நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பெரும்பாலும் இருபது வயசுப் பெண்கள், பையன்கள். நடுவில் ஒரு நரைத்த தலை. மேஜையில் நான்கு பேனா, இரண்டு பென்சில், ஒரு ரப்பர், எல்லாம் வரிசையாக.

நரைத்த தலை திரும்பியது. திரும்பியதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து நின்றது.

"வாங்க மாப்பிள்ளை! இங்க உங்களைத்தான் சூப்பர்வைசரா போட்டிருக்காங்களா? வீட்ல ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பக்கத்துப் பையனிடம் மாமா பெருமையாகச் சொன்னார், "என் மாப்பிள்ளை. இந்தப் படிப்பெல்லாம் கரைச்சுக் குடிச்சவர்."

மாப்பிள்ளைக்குக் காது சுட்டது. ஹால் டிக்கெட்டை மேஜைமேல் வைத்து, மெதுவாகச் சொன்னான். "மாமா, என் சீட் உங்களுக்குப் பின்னாடி."

மாமா டிக்கெட்டைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார்.

"ஐயா, உட்காருங்க" என்றாள் நிஜமான சூப்பர்வைசர், கழுத்துச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த உயரமான பெண்மணி. மாமா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு திரும்பவே இல்லை.

கேள்வித்தாள் வந்தது. மாப்பிள்ளைக்கு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. எதிரே மாமாவின் பின்னங்கழுத்து. காலையில் அவசரமாகச் சவரம் செய்ததில் காதுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு, வேறு வழியில்லாமல், மூச்சை இழுத்தான். பிடித்தான். விட்டான். அவளிடம் இதை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

பேனாவை எடுக்காமல் முதலில் கேள்விகள் எல்லாவற்றையும் படித்தான். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மார்க் என்று பார்த்தான். 'காரணம் கூறுக' என்று வந்த இடத்தில் எல்லாம் கோடு போட்டான். போன வருஷம் ஒரு கேள்வியில் சோதனையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, காரணத்தை எழுதாமல் தாண்டிப் போயிருந்தான். பாதி மார்க் காரணத்துக்குத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

முதல் கேள்வி: ஒரு குழு பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தது, இன்னொரு குழு அமைதியில் படித்தது. படித்தது எவ்வளவு மனசில் நின்றது என்று இரண்டு குழுவையும் ஒன்றாகச் சேர்த்து ரேங்க் போட்டிருக்கிறார்கள். எந்தச் சோதனை?

மனசுக்குள் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டான். வித்தியாசம் தேடறோமா, தொடர்பு தேடறோமா? அதே ஆட்களா, வேறவேற ஆட்களா? தலையை எண்ணினதா, ரேங்க் போட்டதா, ஸ்கேல் வச்சு அளந்ததா? வித்தியாசம். வேறவேற ஆட்கள். ரேங்க். மேன்-விட்னி சோதனை. பெயரோடு நிற்காமல், பாட்டுக் கேட்டவர்கள் வேறு, அமைதியில் படித்தவர்கள் வேறு என்று அந்த ஆராய்ச்சியையே எடுத்துச் சொல்லிக் காரணம் எழுதினான். கை சூடு பிடித்தது.

ஐந்தாவது கேள்வி ஆறு மார்க். மேடையில் பேசப் பயப்படும் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். எட்டுப் பேருக்குப் பயம் குறைந்தது. இரண்டு பேருக்குக் கூடியது. இரண்டு பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை. பயிற்சியால் பலன் உண்டா?

அதே ஆட்கள், கூடியதா குறைந்ததா என்ற குறி மட்டும். சைன் டெஸ்ட். குறைவாக வந்த குறியை எண்ண வேண்டும். இரண்டு. அந்த இரண்டு, அட்டவணையில் போட்டிருக்கும் எண்ணைத் தாண்டாமல் இருந்தால் பலன் உண்டு என்று சொல்லலாம். பன்னிரண்டு பேருக்கு அட்டவணை என்ன சொல்கிறது? இரண்டு. கச்சிதம்.

எழுதப்போன பேனா நின்றது. ரொம்பக் கச்சிதமாக இருந்ததுதான் உறுத்தியது. திரும்பப் படித்தான். மாறாத இரண்டு பேர். அவர்களுக்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அவர்களை எடுத்துவிட வேண்டும். மிச்சம் பத்துப் பேர். பத்துப் பேருக்கு அட்டவணையில் ஒன்று. இரண்டு, ஒன்றைத் தாண்டிவிட்டது. பலன் உண்டு என்று சொல்ல முடியாது.

எதிரே மாமா கையை உயர்த்தினார். "மேடம், பேப்பர்." அது அவர் வாங்கிய ஐந்தாவது தாள்.

*

கேண்டீனில் மாமா இரண்டு டீயும் இரண்டு பன்னும் வாங்கி வந்து வைத்தார். கோபமாக இருந்தாலும் அவனைப் பசியோடு விட மனசு வரவில்லை.

"எத்தனாவது தடவை?"

"ரெண்டாவது, மாமா."

"பாப்பாவுக்குத் தெரியுமா?" மகளை அவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"தெரியும்."

"அப்ப வீட்ல எனக்கு மட்டும்தான் தெரியாது." பன்னைப் பிய்த்தார், ஆனால் சாப்பிடவில்லை. "தெரு முழுக்கத் தண்டோரா போட்டு வச்சிருக்கேன். அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமாச் சொல்லிட்டு இருந்தீங்க. நடுவுல புகுந்து எப்படிச் சொல்றது?"

மாமா வெகுநேரம் டீயை ஊதினார். கோபத்தை நெடுநேரம் பிடித்து வைக்கத் தெரியாத மனிதர். அதுவாகவே நழுவிப் போயிற்று.

"சரி, போகட்டும். அந்தப் பன்னண்டு பேர் கணக்கு உங்களுக்கு என்ன வந்துச்சு? எனக்கு அல்வா மாதிரி அமைஞ்சுது. இங்கயும் ரெண்டு, டேபிள்லயும் ரெண்டு. பயிற்சிக்குப் பலன் உண்டுன்னு அடிச்சு எழுதிட்டேன்."

மாப்பிள்ளை டீ கிளாஸைக் கீழே வைத்தான். மத்தியானம் அதே பாடத்தில் இன்னொரு பேப்பர் இருந்தது. இரண்டையும் கூட்டித்தான் மார்க்.

"இப்ப அதைப் பேச வேண்டாம் மாமா."

"ஏன், பேசினா என்ன? விடை ஒண்ணுதானே இருக்கப் போவுது?"

"வேண்டாமே."

"ஓ! ரெண்டாவது தடவை எழுதறவங்க முதல் தடவைக்காரன்கிட்டப் பேச மாட்டீங்களோ?" மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பின் மேஜையில் ஒரு பெண் உரக்க ஆரம்பித்தாள். "ஏய், அந்த அஞ்சாவது கேள்வி! அதுல அந்த ரெண்டு பேரை..."

மாப்பிள்ளை சட்டென்று எழுந்து மாமாவின் கையைப் பிடித்தான். "வாங்க மாமா, வெளிய போலாம்."

"டீ கையில இருக்கு!"

"டீயோட வாங்க!"

"பன்னு?"

"நான் எடுத்துக்கறேன். நீங்க நடங்க!"

சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போய்த்தான் விட்டான். மாமாவின் சட்டையில் பாதி டீ. அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்கும் பார்வை.

"போன வருஷம் இதே கேண்டீன்" என்றான் மாப்பிள்ளை. "காலைப் பேப்பரை நல்லாத்தான் எழுதினேன். டீ குடிக்கும்போது ஒருத்தன் வந்து, நீ போட்ட விடை தப்புன்னான். ஒரே ஒரு விடை. மத்தியானம் போய் உட்கார்ந்தேன். கேள்வி கண்ணுக்கு முன்னாடி இருக்கு, மனசு காலைக் கணக்கையே போட்டுட்டு இருக்கு. மூணு கேள்வி எழுதவே இல்லை. ரிசல்ட் வந்தப்ப பார்த்தா, காலைல நல்ல மார்க் மாமா. மத்தியானத்துலதான் போச்சு."

மாமா கேட்டுக்கொண்டே நின்றார்.

"அதாவது" என்றார் கடைசியில், "ஒரு ஸ்டாப்புல ஆளை விட்டுட்டோமேன்னு கண்ணாடியிலயே பார்த்துட்டு, அடுத்த மூணு ஸ்டாப்புல நிறுத்தவே இல்லை."

"அதேதான்."

"அப்ப என் கணக்கு..."

"சாயங்காலம் பஸ்ல சொல்றேன். என் விடை, உங்க விடை, ரெண்டையும். யாருது தப்பா இருந்தாலும் சொல்றேன். இப்ப ஒண்ணும் கேக்காதீங்க."

மாமா யோசித்தார். "சரி" என்று பன்னைக் கடித்தார்.

"ஒண்ணு கேக்கறேன் மாமா. காலைல எத்தனை தாள் வாங்கினீங்க?"

"ஏழு." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"கடைசிக் கேள்வி எழுதினீங்களா?"

பெருமை இறங்கியது. "அது வந்து... நேரம் பத்தலை. முதல் கேள்வியிலயே ஒண்ணரைப் பக்கம் போயிடுச்சு. விஷயம் அப்படி."

"அது ரெண்டு மார்க் கேள்வி மாமா. அந்த ஸ்டாப்புல ரெண்டு பேர்தான் நிக்கறாங்க. ஏத்திக்கிட்டுக் கிளம்பிடணும். ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் வரட்டும்னு வண்டியை நிறுத்தி வச்சா, கடைசி ஸ்டாப்புக்கு எப்பப் போவீங்க?"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "இதை என்கிட்டயே சொல்றீங்களே!"

மணி அடித்தது. இருவரும் ஒன்றாகவே படியேறினார்கள். மாமா அவன் முதுகைத் தட்டி, "போங்க, கண்ணாடியைப் பார்க்காம ஓட்டுங்க" என்றார்.

மத்தியானம் மாப்பிள்ளை ஒரு கேள்வியையும் விடவில்லை. காலைக் கணக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தது. அப்புறம் வா என்று அனுப்பிவிட்டான். எதிரே மாமாவின் கை ஒரே ஒரு தடவைதான் தாளுக்கு உயர்ந்தது. மணி அடிக்கும் முன்பே பேனாக்களுக்கு மூடி போட்டு வரிசையாக வைத்துவிட்டு, எழுதினதை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பின்னால் இருந்து பார்த்த மாப்பிள்ளைக்குத் தன் பேப்பரைவிட அதில்தான் அதிகச் சந்தோஷம்.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மாமா உட்கார்ந்ததும் கேட்டார். "இப்ப?"

மாப்பிள்ளை சொன்னான். மாறாத இரண்டு பேரைக் கழித்துவிட வேண்டும் என்பதை, பத்துப் பேருக்கு அட்டவணையில் ஒன்றுதான் என்பதை, ஒளிக்காமல் சொன்னான்.

மாமா ஜன்னலைப் பார்த்தார். ஒரு துணிக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளிக்கூடம் போயிற்று.

"படிச்சேன் அதை" என்றார். "படிச்சது ஞாபகம் இருக்கு. எழுதும்போது கோட்டை விட்டுட்டேன்." பிறகு, "ஆறு மார்க்கும் போச்சா?"

"இல்லை மாமா. எந்த டெஸ்ட்டுன்னு சரியா எழுதியிருக்கீங்க, காரணமும் எழுதியிருப்பீங்க. அதுக்கெல்லாம் உண்டு. ரெண்டோ மூணோ போகும்."

"அவ்வளவுதானா! நான் பயந்தே போயிட்டேன்." பெருமூச்சு விட்டவர், அவன் பக்கம் திரும்பினார். "மத்தியானமே தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன். எழுந்து வீட்டுக்குத்தான் வந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்."

இருவரும் தோளோடு தோள் இடிக்க, வண்டி வளைவில் திரும்பியது.

தெருமுனையில் துணி தேய்க்கிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூப்பிட்டார். "என்ன பெரியவரே, பரீட்சை எப்படி? மாப்பிள்ளைதான் முன்னாடியே முடிச்சவராச்சே, சொல்லிக் குடுத்தாரா?"

மாப்பிள்ளை குனிந்து செருப்பைப் பார்த்தான். இந்தத் தெருவைக் கடக்க இன்னும் எத்தனை பேர் இப்படிக் கேட்பார்களோ.

"முடிக்கலைங்க" என்றார் மாமா, தெருவுக்கே கேட்கும்படி. "போன வருஷம் போயிடுச்சு. இன்னிக்கு மறுபடி எழுதினார். ரெண்டு பேரும் ஒரே ஹால், முன்சீட்டு பின்சீட்டு. ஒரு கணக்கு எனக்குத் தப்பு, அவருக்குச் சரி. அதைக் கண்டுபிடிச்சும் மத்தியானப் பேப்பர் முடியற வரைக்கும் எனக்குச் சொல்லாமக் காப்பாத்தினார் பாருங்க, அதுக்குத்தான் அவருக்கு மார்க் போடணும்."

துணி தேய்க்கிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லது, நல்லது" என்றார். மாமா தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. தெரு ரொம்ப அகலமாகத் தெரிந்தது.

கதவைத் திறந்த மனைவி இருவர் முகத்தையும் வெளிச்சத்தில் படம் பிடித்துப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"சொல்லியாச்சா?"

"ஹால்லயே ஏலம் போட்டாச்சு" என்றார் மாமா. "நீயும்தானே என்கிட்ட மறைச்சே? உன்கூடப் பேச மாட்டேன்." சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், "சாப்பிட என்ன இருக்கு பாப்பா?"

அவள் சிரித்தபடி அப்பாவின் சட்டையில் இருந்த டீக் கறையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "இதுவுமா பரீட்சைல வந்துச்சு?"

சாப்பிட்டு முடித்து மாப்பிள்ளை குளிக்கப் போனான். தலையில் தண்ணீர் விழுந்தபோது நாள் முழுதும் இறுக்கிப் பிடித்திருந்த தோள் தளர்ந்தது. வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது. நடுவில் வெளியே அவனுடைய போன் அடித்து, நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"அவர் குளிக்கிறாருங்க" என்று மாமாவின் குரல். "நானா? நான் அவர்கூடப் படிக்கிறவன்."

மாப்பிள்ளை குழாயை மூடினான்.

"டாக்டரம்மாங்களா! வணக்கம், வணக்கம். மாமனாரும் நான்தான்... ஆமாங்க, ஒரே கிளாஸ்... பரீட்சையா? அதைக் கேளுங்க, இன்னிக்குக் கேண்டீன்ல என்ன பண்ணினார் தெரியுமா..."

அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்தான். மனைவி கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை. மாமா கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"திங்கட்கிழமைங்களா? ரிசல்ட் வர நாளாகுமே... ஓ, அதுக்கு முன்னாடியேவா... சரிங்க... என்னையுமா? சரிங்க, வந்துடறோம்."

போனை வைத்தார்.

"என்ன மாமா? ரிசல்ட்டுக்கு முன்னாடியே என்ன பேசணுமாம்?"

"அந்த ஆலோசகர் வேலைக்கு வேற ஒருத்தரும் வந்திருக்காராம். திங்கட்கிழமை காலைல முடிவு பண்றாங்க. உங்களை வரச் சொன்னாங்க."

"உங்களை எதுக்கு வரச் சொன்னாங்க?"

"அதை அவங்க சொல்லலை. நானும் கேக்கலை."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். மாமா அதற்குள் அலமாரியைத் திறந்து, திங்கட்கிழமைக்கு எந்தச் சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.